பெட்டிஃபோர்ட் பாட்டுக்குக் கை தட்டியவன்

இனி உயிருள்ளவரை கை தட்டுவதில்லை என்று அந்தச் சனிக்கிழமை காலை சபதம் எடுத்தேன். எடுத்த இடம் குளியலறை. சாட்சி, பல் தேய்க்கும் பிரஷ்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட்டில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி பெட்டிஃபோர்ட் குடும்பம் இருந்தது. அப்பா கிதார், அம்மா பியானோ, பிள்ளைகள் அத்தனை பேரும் பாட்டு. கடைக்குட்டிப் பெண்ணுக்கு முன்பல் விழுந்திருந்த வயதில், ஓர் அச்சகத்துக்குக் கீழே இருந்த நிலவறையில் முதல் பாட்டைப் பதிவு செய்தார்கள். அப்புறம் அந்தத் தெரு அவர்களுக்குப் போதவில்லை. டெட்ராய்ட்டே போதவில்லை. இப்போது அவர்களுடைய பிரபலமான பாட்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரே இசைத்தட்டாகப் போட்டுவிட்டார்கள். 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று பெயர். எனக்கு விழப்போகிற அடிக்கும் அதே பெயர்தான் என்று அப்போது தெரியாது.

அந்த முதல் பாட்டில் ஓர் இடம் உண்டு. கிதார் நின்றுவிடும். பியானோ நின்றுவிடும். சின்னப் பெண்ணும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வெறும் கைதட்டல் மட்டும் கேட்கும். எல்லாரும் தட்டி முடித்துவிட்டார்கள் என்று நினைக்கும்போது, கதவுக்கு வெளியே நின்றவன் மூச்சிரைக்க ஓடிவந்த மாதிரி, ஒரே ஒரு தட்டு தனியாக வந்து விழும். அந்த ஒற்றைத் தட்டுக்காக இந்த ஊரே காத்துக் கிடக்கும். பஸ் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பஸ்ஸும் கொஞ்சம் ஆடியது.

அந்த ஒற்றைத் தட்டு என்னுடையது.

இப்படித்தான், வெர்னெட்டாவை முதன்முதலாக ஐஸ்கிரீம் சாப்பிட அழைத்துப்போன அன்றைக்கு அவளிடம் சொன்னேன். பின்னே? 'கார் தொழிற்சாலையில் கதவு மாட்டுகிறேன்' என்று சொன்னால் எந்தப் பெண்ணுக்குக் கண் விரியும்? அவளுக்கு விரிந்தது. "நிஜமாவா, லுஷியஸ்?" என்றாள். "சத்தியமா!" என்றேன். அடுத்த வருடம் கல்யாணம்.

இதில் ஒரே ஒரு சங்கடம். எனக்குத் தாளம் வராது. எங்கள் கறுப்பின ஜனங்கள் பாட்டுக்கு நாலு எண்ணினால் இரண்டிலும் நாலிலும் தட்டுவார்கள். தொட்டில் பிள்ளைகூட அப்படித்தான் தட்டும். நான் மட்டும் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவேன். எங்கள் மக்களிடையே இதற்குப் பதில் மூக்கு இல்லாமல் பிறந்திருக்கலாம். அதனால் சர்ச்சில் பாட்டு ஆரம்பித்ததும் விசிறியைக் கையில் எடுத்துவிடுவேன். மகன் ரோஸ்கோ பிறந்தபின் அவனைத் தூக்கிக்கொள்வேன். இரண்டு கையும் நிறைந்துவிடும். "எப்பேர்ப்பட்ட பாசக்கார அப்பா!" என்று சர்ச் முழுக்க எனக்குப் பேர்.

பக்கத்து வீட்டு டீக்கன் பர்னெல்தான் வெடியை வைத்தார். அவர் சர்ச்சில் மூத்தவர். புது இசைத்தட்டை ஆட்டிக்கொண்டு வேலியோரம் வந்தார்.

"பிரதர் லுஷியஸ்! சனிக்கிழமை தெரு விருந்துல இதைப் போடறோம். அந்த இடம் வந்ததும் எல்லாரும் நிறுத்திடுவோம். நீ மட்டும் தட்டணும்."

"நானா? எதுக்கு டீக்கன்?"

"எதுக்கா? தட்டினவனே எங்க தெருவுல இருக்கான்னு சிஸ்டர் வெர்னெட்டா ஊரெல்லாம் சொல்லியிருக்காங்களே!"

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி துணி உலர்த்திக்கொண்டு பெருமையாகச் சிரித்தாள்.

சனிக்கிழமை காலையில் சபதம் முடிந்ததும், பழைய தலையணை உறையைக் கிழித்து வலது கையில் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கை முட்டைக்கோசு மாதிரி இருந்தது.

"ஐயோ, என்ன ஆச்சு?"

"தொழிற்சாலையில கதவு இடிச்சிருச்சு."

"எப்போ?"

"நேத்து."

"நேத்து ராத்திரி அந்தக் கையாலதானே சோள ரொட்டியைப் பிச்சுப் பிச்சுத் தின்ன?"

"வலி இப்பதான் வந்து சேர்ந்தது."

"பஸ்ல வந்துச்சா?"

நான் முனகினேன். அவள் என் கையைத் தூக்கிப் பார்த்தாள். கட்டைத் தடவினாள். "பாவம் ராசா! ரொம்ப வலிக்கும் போலிருக்கே. இன்னைக்கு இந்தக் கை எதையுமே தொடக்கூடாது. நான் பார்த்துக்கறேன்" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எதையுமே என்றால் எதையுமே என்று தெரு விருந்தில்தான் புரிந்தது. இரண்டு பக்கமும் மரத்தடுப்பு வைத்துத் தெருவை அடைத்திருந்தார்கள். பீப்பாய் அடுப்பில் பன்றி விலா வெந்து, வாசனை அடுத்த தெரு நாய்களையும் இழுத்து வந்திருந்தது. கை நீட்டினேன்.

"ஆ ஆ! மசாலா பட்டா எரியும்" என்று வெர்னெட்டா தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இடது கை சும்மாத்தானே இருக்கு?"

"அதான் பாத்தேன். இந்தா, லெமனேட் ஜாடி. எல்லாருக்கும் ஊத்து. கைதான் தட்ட முடியாது, தட்டாவது எடுத்துக் கொடுக்கலாமே?"

சீட்டாட உட்காரலாம் என்றால், "கட்டுப் போட்ட கையில சீட்டை எப்படிப் பிடிப்ப?" என்றாள். ரோஸ்கோவைத் தூக்கலாம் என்றால், "கீழ போட்டுடுவ" என்று டீக்கனின் மனைவியிடம் கொடுத்துவிட்டாள். ஊரே விலாவைக் கடித்து இழுத்தது. நான் ஜாடியோடு நின்றேன்.

டீக்கன் தன் வீட்டு வாசற்படியில் ஸ்பீக்கரை வைத்து, இசைத்தட்டில் ஊசியை இறக்கினார். கரகரவென்று கொஞ்சம் சத்தம். அப்புறம் அவர்கள் வந்தார்கள்.

எப்படிச் சொல்வேன்? அப்பாவின் கிதார் கதவைத் தட்டுகிற மாதிரி வந்தது. அம்மாவின் பியானோ, யாரது என்று கேட்டது. அண்ணன்கள், அக்காக்கள் குரல் ஒன்றின்மேல் ஒன்றாக, அடுக்கி வைத்த போர்வை மாதிரி ஏறியது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பொக்கைவாய்ப் பொண்ணு, வாசல் விளக்கை அணைக்காதீர்கள், நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று பாடினாள். தெருவில் மென்று கொண்டிருந்த வாய்கள் நின்றன. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கார்க்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டைத் தின்று வளர்ந்த பிள்ளைகள்தான். அவர்களுக்குள் வானத்தையே யாரோ பங்குபோட்டுக் கொடுத்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சபதம் மறந்தது. ஜாடியை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியவில்லை.

கிதார் நின்றது. பியானோ நின்றது.

நான் தட்டினேன். முட்டைக்கோசுக் கையோடு, ஒன்றில், முழு பலத்தோடு. மூன்றில் இன்னும் பலமாக.

டீக்கன் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"பிரதர் லுஷியஸ்," என்றார் மெதுவாக, "அடிபட்ட கை தட்டுது. அதுவும் ஒண்ணுல தட்டுது."

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்க் கதவையும் நானே மாட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. வெர்னெட்டாவைப் பார்க்கத் தைரியமில்லை. கல்யாணம் முழுக்க அந்த ஒரு தட்டின்மேல் நின்றிருந்தது. அது போய்விட்டது.

"டீக்கன், ஊசியை மறுபடி வைங்க."

வெர்னெட்டா தெரு நடுவே வந்து நின்றாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. அவள் தட்டினாள். இரண்டில். நாலில். பிறகு கொஞ்சம் தாமதித்து, எல்லார் மூச்சும் தொண்டையில் நிற்கும்போது, அந்த ஒற்றைத் தட்டு. ஸ்பீக்கரில் விழுந்ததும் அவள் கையில் விழுந்ததும் இரண்டாகவே கேட்கவில்லை. ஒரே சத்தம். தெருவே ஒரு நொடி தரையைவிட்டு எழும்பி இறங்கியது. என் மனைவி அந்த வெயிலில் என்னைவிட ஒரு முழம் உயரமாகத் தெரிந்தாள்.

"சிஸ்டர்!" என்றார் டீக்கன். "ரெக்கார்டுல இருக்கிறது அச்சு அசலா அப்படியே! யாரு சொல்லிக் கொடுத்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"வேற யாரு? இதோ நிக்கிறாரே, என் புருஷன்தான். கையில வலி, அதான் இன்னைக்குத் தாளம் நொண்டுது."

அவ்வளவுதான். ஆளாளுக்கு என் முதுகில் தட்டினார்கள். ஒருவர் என் வாயிலேயே விலாவை ஊட்டினார். டீக்கன் மன்னிப்புக் கேட்டார். நான் பெருந்தன்மையாக மன்னித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளே என் கட்டை அவிழ்த்தாள்.

"வெர்னெட்டா, எப்படி அவ்வளவு சரியாத் தட்டின?"

"பழக்கம்தான். அந்த அச்சகத்து நிலவறைக்குக் கை தட்ட எங்க சர்ச் பாட்டுக்குழுப் பொண்ணுங்களைத்தான் கூப்பிட்டிருந்தாங்க. எனக்குச் செருப்பு வார் அறுந்துபோச்சு. குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள எல்லாரும் தட்டி முடிச்சுட்டாங்க. நான் லேட்டாத் தட்டினேன். பெட்டிஃபோர்ட் அம்மாவுக்கு அது புடிச்சுப்போச்சு. அப்படியே விட்டுட்டாங்க."

"அங்க... ஆம்பளைங்க?"

"ஒருத்தன்கூடக் கை தட்டல."

"அப்ப நான் அன்னைக்கு ஐஸ்கிரீம் கடையில சொன்னதை ஒரு நிமிஷமாவது நம்பினியா?"

தலையணை உறையை மடித்து வைத்துவிட்டு, என் காதை லேசாகத் திருகினாள்.

"பொய் சொல்றப்ப உன் இடது காது துடிக்கும் ராசா, ரெண்டுலயும் நாலுலயும். உன் உடம்புல தாளம் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."