பட்டையா, சுருளா?

நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளி வாயைத் திறந்தபடியே வெகுநேரமாகக் காத்திருந்தார். பல் டாக்டரோ, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு வேறொன்றின் அடிவயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது ஒரு சரக்கு ரயில் பெட்டி. பிரவுன் நிறம், உள்ளங்கை நீளம்.

"டாக்டர், அவருக்கு வாய் வலிக்குது," என்றார் நர்ஸக்கா.

"வலிக்காமலா பல் டாக்டர்கிட்ட வருவாங்க?"

"பல் வலிக்குதுன்னுதான் வந்தார். இப்ப வாயும் சேர்ந்து வலிக்குதாம்."

டாக்டருக்கு வந்திருந்த சங்கடம் இதுதான். அவர் மனசைப் பறிகொடுத்திருந்த கணக்கு டீச்சரின் அப்பா, குட்டி ரயில் சங்கத்துக்குத் தலைவர். வீட்டு மேஜைமேல் தண்டவாளம் போட்டு ரயில் விடுகிறவர்களின் சங்கம் அது. யாராவது 'பொம்மை' என்று சொல்லிவிட்டால் தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நிஜமாகவே எங்கோ நிற்கும் ஒரு பெட்டியை அச்சு அசலாக உரித்து வைத்திருந்தால்தான் அவரைப் பொறுத்தவரை அது பெட்டி. இல்லையென்றால் சோப்பு டப்பா.

அதிலும் மேல்பூச்சைப் பார்த்து அவர் மயங்குகிற ஆள் இல்லை. பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கி நிற்கும் சட்டத்தைத்தான் பார்ப்பார். முன்பு பெண் கேட்டு வந்த ஒரு இன்ஜினியரை, சக்கரச் சட்டம் பொருந்தவில்லை என்ற ஒரே குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பியிருந்தார். "சக்கரத்துலயே ஏமாத்துறவன், சம்சாரத்தை என்ன பண்ணுவான்?" என்பது அவருடைய தீர்ப்பு.

இதைக் கேள்விப்பட்டுப் பயந்துபோன டாக்டர், போனில் முதல் தடவை பேசும்போதே முந்திக்கொண்டார். "எனக்கும் ரயில்னா உயிர் மாமா. எங்க கிளினிக்குக்கு எதிர்ல ரயில் ரிப்பேர் யார்டு இருக்குல்ல, அங்க ரொம்ப நாளா ஒரு பிரவுன் பெட்டி நிக்குது. அதை அப்படியே செஞ்சு வெச்சிருக்கேன்."

அவர் செய்து வைத்திருந்தது அந்தப் பொய்யை மட்டும்தான். பெட்டியை மறுநாள் கடையில் வாங்கினார். நிஜப் பெட்டியின் நம்பரை மேலே எழுதினார். வேலை முடிந்தது என்று நிமிர்ந்து சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தபோதுதான் பகீரென்றது. கடைப் பெட்டியின் சக்கரங்களுக்கு நடுவே சுருள் சுருளாக ஸ்பிரிங். நிஜப் பெட்டியில் லாரிக்கு இருப்பதுபோல அடுக்கடுக்காகப் பட்டை ஸ்பிரிங்.

போன் அடித்தது. டீச்சர்.

"ஞாயித்துக்கிழமை அப்பா உங்க வீட்டுக்கு வர்றார். வந்ததும் பெட்டியைக் கவுத்துப் பாப்பார். மேல தங்கமே பூசியிருந்தாலும் பிரயோஜனம் இல்ல, சொல்லிட்டேன்."

"வயித்துல புளியைக் கரைக்காதே."

"நானா கரைச்சேன்? பல்லு பிடுங்குறேன், உங்க பொண்ணைப் பிடிச்சிருக்குன்னு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"இன்ஜினியரையே அனுப்பினவர், என்னை விடுவாரா?"

மதியம் வெள்ளைக் கோட்டோடும் குட்டிக் கண்ணாடியோடும் டாக்டர் யார்டுக்குள் நுழைந்தார். பெட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவைக் குழைத்துப் பட்டை ஸ்பிரிங்கின் மேல் அப்பினார். தொழில் புத்தி. மாவு இறுகிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, இந்த அச்சு நிஜ அளவில் அல்லவா வரும்? இதை வைத்து யானைக்கு வேண்டுமானால் பல்செட் கட்டலாம்.

தலைமாட்டில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன. யார்டு சூப்பர்வைசர்.

"யாருங்க அடியில?"

"ஆய்வு," என்றார் டாக்டர்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"மேலிடத்துலேருந்து," என்றார், கீழே படுத்தபடியே.

சூப்பர்வைசர் சட்டென்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஏதாவது தப்பா இருக்குதா சார்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் தப்பே இல்லாத ஒரு பெட்டிக்கு அடியில் எதற்காகப் படுத்திருந்தோம் என்று சொல்லியாக வேண்டுமே. டாக்டர் கோட்டுப் பையிலிருந்து குட்டிப் பெட்டியை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

"இதைப் பாருங்க. சுருள். நீங்க என்ன மாட்டி வெச்சிருக்கீங்க? பட்டை. இப்படியா யார்டு நடத்துறது?"

சூப்பர்வைசர் குனிந்து அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் எச்சிலை விழுங்கிக்கொண்டார். "சரிங்க சார்," என்று மட்டும் சொன்னார்.

விட்டால் போதும் என்று டாக்டர் கிளினிக்குக்கு ஓடிவந்தார். ஞாயிறுவரை பல்செட் செய்யும் மேஜைதான் அவருக்கு வீடு. சுருளைப் பிடுங்கினார். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பல்செட் மாவை இறுகவைத்து அதில் நூல் பருமனில் பட்டைகளைச் செதுக்கி ஒட்டினார். காலடியில் ஒரு பட்டை விழுந்து தொலைந்தது. அதைத் தேடியபோது இன்னொன்று மூச்சுக்காற்றில் பறந்தது.

"அந்த மாவு பக்கத்து வீட்டம்மா பல்செட்டுக்கு வெச்சது டாக்டர்," என்றார் நர்ஸக்கா.

"அவங்க ரெண்டு நாள் சூப் குடிக்கட்டும்."

"வாயில இருக்க வேண்டியது வண்டிக்குப் போகுது. நல்லா இருக்கு." நர்ஸக்கா பெருக்குமாற்றை எடுத்து வந்தார். "பல்செட் மாவுங்கிறதால ரோஸ் கலர்ல இருக்கு பாருங்க. பெட்டி சிரிக்கிற மாதிரியே தெரியுது. கறுப்பு அடிங்க."

ஞாயிற்றுக்கிழமை, கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்த டாக்டர் வீட்டுக்குத் தலைவர் வந்தார். கூடவே அவர் மனைவியும் மகளும். காபிகூடக் குடிக்காமல் பெட்டியை எடுத்துக் கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை வெளியே எடுத்தார். டீச்சர் ஜன்னல் திரையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பட்டை," என்றார் தலைவர். இன்னும் கிட்டத்தில் பார்த்தார். "நாலு பக்கமும் பட்டை. பட்டைகளோட அடுக்குகூடச் சரியா இருக்கு." பூதக்கண்ணாடியை மடித்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது. "உக்காருங்க மாப்ளே."

அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மாமா, நிஜப் பெட்டி எதிர்லயேதான் நிக்குது. ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ எடுத்துடலாம். சங்கத்துல மாட்டலாம்."

"அதெல்லாம் எதுக்கு? எனக்கு முட்டி வலி."

"மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறினீங்களே, அது யார் முட்டி?" என்று கேட்டார் அவர் மனைவி. "மாப்பிள்ளை ஆசையாக் கூப்பிடறார், எழுந்திருங்க."

யார்டுக்குள் டாக்டர் முன்னால் போனார், பெட்டியைக் கையில் ஏந்தியபடி. தலைவர் மட்டும் மனைவியின் முதுகுக்குப் பின்னால் மெதுவாக வந்தார்.

பிரவுன் பெட்டி அதே இடத்தில்தான் நின்றது. அதன் அடியில், புது மெருகோடு, சுருள் சுருளாக ஸ்பிரிங்.

சூப்பர்வைசர் ஓட்டமும் நடையுமாக வந்து டாக்டருக்கு சல்யூட் அடித்தார். "நீங்க காட்டின மாதிரியே மாத்திட்டோம் சார். ஜாக்கி வெச்சுத் தூக்கி, நேத்துதான் முடிஞ்சுது."

டீச்சர் டாக்டரைப் பார்த்தாள். "என்ன சொல்றார் இவர்?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? டாக்டர் கடையில் வாங்கியதைச் சொன்னார், படுத்ததைச் சொன்னார், மேலிடத்தைச் சொன்னார். "உங்க பொண்ணுக்காகத்தான் மாமா. வேற எந்தப் பொய்யும் நான் சொன்னதில்ல. நல்லாப் பல்லு பிடுங்குவேன், அது மட்டும் நிஜம்."

"இவ்வளவு பண்ணினவரை நான் விடமாட்டேன்ப்பா," என்றாள் டீச்சர். "இன்ஜினியரை அனுப்பின மாதிரி இவரையும் அனுப்பிடாதீங்க."

"அனுப்பாம என்ன?" அம்மா பெருமூச்சு விட்டார். "சக்கரத்துல ஏமாத்தினா உங்கப்பா கடவுளையே வீட்டுக்குள்ள விடமாட்டாரே." பேசிக்கொண்டே கணவரைப் பார்க்க விலகினார்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்றிருந்த தலைவர், சூப்பர்வைசரின் கண்ணில் பட்டார்.

"அடடே, பெரிய ஆய்வாளர் ஐயாவும் வந்திருக்கீங்களா?" சூப்பர்வைசர் இன்னொரு சல்யூட் அடித்தார். "நல்லதாப் போச்சு. போன தடவை நீங்க உங்க குட்டிப் பெட்டியைக் காட்டி, இதே பெட்டியில சுருள் தப்பு, பட்டைதான் சரின்னு மாத்தச் சொன்னீங்க, இப்ப இவர் பட்டை தப்பு, சுருள்தான் சரிங்கிறார். ஒரே குடும்பமா இருந்தா, வீட்டுலயே உக்காந்து பேசி ஒண்ணு சொல்லிடுங்க ஐயா."