கடைசி ரீல்

புரொஜக்டர் சிக்கிக்கொண்டபோது பல் டாக்டருக்கு அழுகை வராத குறைதான்.

கூடத்து இருட்டில் பழைய படம் சேகரிக்கிறவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். சினிமா பேசக் கற்றுக்கொள்வதற்கு முன் எடுத்த கொலைப் படம். உலகத்திலேயே ஒரே பிரதி. கடைசி ரீல் காணாமல் போயிருந்ததால், மில் முதலாளியைக் குத்திய முகமூடிக்காரன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அதற்காகவே அதன்மேல் அத்தனை பேருக்கும் பைத்தியம். முதலாளியின் தம்பிதான் கொன்றான் என்பார் வக்கீல், மருமகன் என்பார் கடிகாரக் கடைக்காரர். இதனாலேயே இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்திருந்தது.

இடிக்கப்போகிற சினிமாக் கொட்டகை ஒன்றில் புழுதியைக் கிளறி அந்த ரீலைக் கண்டுபிடித்திருந்தார் டாக்டர். முதல் ரீலிலிருந்தே போட்டுக் காட்டினார். எல்லாம் ஒழுங்காக ஓடி, முகமூடியைக் கழற்றக் கை போகிற இடத்தில் வந்து நின்றது.

திருகைத் தளர்த்தினார். படம் சல்லடையில் போட்ட மாதிரி குலுங்கியது. இறுக்கினார். ரீல் அறுந்தது. டேப் போட்டு ஒட்டினார். ஒட்டிய இடம் சரியாக விளக்குக்கு முன்னால் மாட்டிக்கொண்டது. முகமூடியின் நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு தோன்றி, பெருத்து, ஆளையே தின்றது.

புகையைப் பார்த்த மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்து ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். மிச்சமிருந்த ரீலும் கூழானது.

"வீடு பத்திக்கிட்டா பரவாயில்லையா?" என்றாள்.

இனி சாகும்வரை தெரியப்போவதில்லை என்று வக்கீல் முனகினார். கடிகாரக் கடைக்காரர் எத்தனையோ வருஷம் கழித்து அவர் தோளில் கை வைத்தார். டாக்டர் தலையில் கைவைத்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முன்வரிசையில் டாக்டரின் அக்கா இருந்தாள். சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனவள். எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். எதற்கு இப்படி இழவு வீடு மாதிரி இருக்கிறீர்கள் என்று தம்பியைக் கேட்டாள். அவர் முகத்தை நிமிர்த்தி, கொலைகாரன் யாரென்று தெரியாமலே போய்விட்டது என்றார்.

அக்காவுக்கு விளங்கவில்லை.

"என்னடா தெரியாதுங்கற? மொத ரீல்ல குத்துப்பட்டு விழும்போதே, 'அடப்பாவி சமையல்காரா, நீயா?'ன்னு அந்த முதலாளி வாய்விட்டுக் கேட்டாரே!"