தீப்பெட்டியில் அடங்காத வயிற்றுப்போக்கு

"ஒழுகுது பாய், எடுத்துட்டுப் போய்யா!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி கலியாணசுந்தரம்.

அப்துல் கய்யூம் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். ஒழுகத்தான் செய்தது. இரண்டு வயது மகள் பஷீராவுக்கு முந்தாநாளிலிருந்து தண்ணீராகப் போகிறது. கண் உள்ளே போய்விட்டது. காஜா பெராங் வட்டாரச் சுகாதார ஆபீஸ் அலமாரியில் மருந்து இருக்கிறது. ஆனால் ஜப்பான் டாக்டர் மலத்தைச் சோதித்து, நோய் உண்டு என்று சொன்னால்தான் அலமாரி திறக்கும். கண்ணாடிக் குப்பியெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டதால், மேற்படி மலத்தைத் தீப்பெட்டியில் சமர்ப்பிக்க வேண்டும் என்பது மேன்மை தங்கிய உத்தரவு.

"வயித்தால போற புள்ளைக்கு வேற எப்படிங்க இருக்கும்?"

"கசியும் பொருள் ஏற்கப்படமாட்டாது. கெட்டியா கொண்டு வா."

"கெட்டியா இருந்தா நான் ஏங்க இங்க வர்றேன்?"

"ஹை!" என்றார் கிராணி. வெள்ளைக்காரன் காலத்தில் கிராப்பு வளர்த்து 'யெஸ் சார்' சொன்னவர். இப்போது ஜப்பான்காரன் காலம்; தலை மொட்டை, எதற்கெடுத்தாலும் ஜப்பான் பாஷையில் 'ஹை'.

வீட்டில் மனைவி அஸ்மா கொதித்தாள். "அவன் கேக்குறதையே குடுத்துத் தொலைங்க. பக்கத்து வீட்டுப் பூங்காவனம் மவன் மரவள்ளியைத் தின்னுட்டுக் கல்லு கல்லா போறான்."

பூங்காவனம் பெருமையோடு கொடுத்தாள். பெட்டி ஒழுகவில்லை. டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பரவசமானார். பஷீரா பூரண ஆரோக்கியம்; ஆகவே மருந்து இல்லை.

"நோய் இருந்தா பெட்டியில நிக்காது, பெட்டியில நின்னா நோய் இல்ல. அப்ப யாருக்குத்தான்யா மருந்து?" என்றார் கய்யூம்.

கிராணி நெஞ்சை நிமிர்த்தினார். "அதான் பாய், நம்ம ஆபீஸ் எல்லையில வயித்துப்போக்கே கிடையாது!"

இந்த மகத்தான சாதனையைப் பாராட்ட மறுநாள் காலை பெரிய ஜப்பான் அதிகாரியே வந்து இறங்கினார். சீக்குப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றவர்கள் இடுப்பு ஒடியக் குனிந்தார்கள். மறுபடியும் கெஞ்சிப் பார்க்கக் கய்யூம் தூக்கி வந்திருந்த பஷீராதான், ஆரோக்கியம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஒரே பிள்ளை. அவளைத் தூக்கிக்கொண்டு படமெடுக்க அதிகாரி பிரியப்பட்டார். வெள்ளைக் கையுறையோடு தலைக்கு மேலே தூக்கினார்.

பஷீரா தன் அறிக்கையை அங்கிருந்தே சமர்ப்பித்தாள். தொப்பி, மீசை, மெடல் எதுவும் தப்பவில்லை.

"பதற வேண்டாம்," என்றார் கிராணி. "இது கசியுது. விதிப்படி இது மலமே இல்லை."

அவருக்குப் பளீரென்று ஓர் அறை விழுந்தது. "ஹை!" என்றார்.

அதிகாரியைக் கழுவ மருந்துத் தண்ணீர் வேண்டுமே! சோதனையும் இல்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை, அலமாரி தானாகத் திறந்துகொண்டது. மொத்த ஆபீஸும் ஒரு மீசையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கய்யூம் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வயிற்று மருந்துப் புட்டியை எடுத்தார். வாசலுக்கு நடந்தார். கிராணி பார்க்கவில்லை. பார்த்தது வரிசை.

"யோவ் பாய்! நாங்க விடியக்காலையிலேருந்து நிக்கிறோம். மருந்தை வச்சுட்டுப் பின்னால வந்து நில்லு!"

"அலமாரி திறந்துதான் கெடக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு ஓடுங்கய்யா."

ஒருத்தரும் நகரவில்லை. இடம் போய்விடுமாம். இடுப்பில் பிள்ளைகள் துவண்டு கிடக்க, ஒரே குரலில் கத்தினார்கள்: "வரிசையில வா!"

கய்யூம் வரிசைக்குப் போகவில்லை, புட்டியோடு வீட்டுக்குப் போனார்.