மேஜைக்கு ஒரு செடி

மேஜையிலிருந்த கலாத்தியாச் செடியின் நான்காவது இலையும் ஓரத்தில் கருகத் தொடங்கியபோது தபால் பிரிவு குமாஸ்தா மாதக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தார்.

மேஜைக்கு ஒன்றாக அந்தச் செடிகளை வாடகைக்கு எடுத்து வைத்தவர் புது மேனேஜர். வைத்த அன்றே இரண்டு விஷயம் சொன்னார். மாதக் கடைசியில் எல்லாருடைய செடியும் எப்படி இருக்கிறது என்று பார்க்கப்படும். பிரிவுக்கு ஒருவர் வீதம் ஆள் குறைக்கப்படும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட குமாஸ்தாவுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. தபால் பிரிவில் இருப்பதே இரண்டு பேர், அவரும் எதிர் மேஜைக்காரரும்.

எதிர் மேஜைக்காரரின் செடி தளதளவென்று இருந்தது. அந்த மனிதர் காலையில் வந்ததும் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைப்பார். மதியம் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைத்து அழகு பார்ப்பார். குமாஸ்தாவுக்கோ உறைகளில் முத்திரை குத்தி நிமிர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

ஏசிக் காற்றில் காய்கிறது என்று நினைத்துத் தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றினார். வேர் அழுகி நாற்றம் வந்தது. ஈரம் காயட்டுமென்று ஜன்னலோரம் வைத்தார். வெயிலில் மிச்ச இலைகளும் மொரமொரத்தன.

வீட்டில் சொன்னார். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“வேலை போச்சுன்னா நாள் பூரா வீட்லயேவா இருப்பீங்க?”

“வேற எங்க போறது?”

“அப்ப எப்படியாவது அந்தச் செடியக் காப்பாத்துங்க.”

மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் இனி யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று நினைக்கையில் அவருக்கு அழுகையே வந்தது.

இந்தச் செடிக்குக் காற்றில் ஈரம் வேண்டும் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். ஆபீசில் ஈரமான இடம் ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செடியைக் கழிவறையில் வைத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை கூட்டிக் கழுவ வந்த அம்மா, தரையோடு சேர்த்து அதற்கும் தாராளமாகப் பினாயிலை ஊற்றிவிட்டார். திங்கட்கிழமை தொட்டியில் ஒரு தண்டு மட்டும் தலை தொங்கி நின்றது. சுற்றிலும் தரை பளிச்சென்று இருந்தது.

மறுநாள் மாதக் கடைசி. திங்கள் மதியமே எதிர் மேஜைக்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்து குமாஸ்தா இரண்டு தொட்டிகளையும் மாற்றி வைத்தார். முப்பது வருடத்தில் அடுத்தவர் பேனாவைக்கூட எடுத்தவரில்லை.

திரும்பி வந்தவர் தன் மேஜையில் இருந்த தண்டையும் குமாஸ்தாவின் மேஜையில் இருந்த செடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்களுது பொழச்சிடுச்சு போலிருக்கு” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று குமாஸ்தாவுக்கு இருந்தது.

மறுநாள் செடிகளை வாடகைக்குக் கொடுத்த நர்சரிக்காரர் நோட்டும் கையுமாக வந்தார். காய்ந்த தண்டைப் பார்த்தார், ஒன்றும் எழுதாமல் நகர்ந்தார். குமாஸ்தாவின் மேஜையில் நின்று இலையைத் தடவிப் பார்த்து, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். குமாஸ்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லா வளர்த்தவங்களுக்குப் பரிசு ஏதாவது உண்டா என்று மெதுவாக விசாரித்தார்.

“பரிசெல்லாம் தெரியாது சார். செடி நல்லா இருக்கிறவங்க பேரை மட்டும் எழுதித் தரச் சொன்னார் உங்க மேனேஜர். செடியச் சீராட்ட நேரம் இருக்குன்னா, ஆபீஸ்ல அவங்களுக்கு அவ்வளவா வேலை இல்லைன்னு அர்த்தமாம்.”