எலிக்குக் குறைச்ச சோறு

எந்த எலியோடும் எனக்குப் பகை கிடையாது. போன மாதம் வரைக்கும்.

என் மகள் ஃபாயிஸா பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தீனியைக் குறைத்தால் புற்றுக்கட்டி குறைகிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு வெள்ளிக்கிழமை போனில் சொன்னாள்: "வயிறு முட்டத் தின்ன எலிகளுக்குக் கட்டி நெறைய வந்திருக்கு அத்தா. சத்து கெடாம தீனியக் குறைச்ச எலிகளுக்குக் கம்மி. வந்தாலும் லேட்டாத்தான் வருது."

மாஷா அல்லாஹ் என்றேன். ஸ்பீக்கரில் போட்டதுதான் தப்பு. பக்கத்தில் என் மனைவி சுபைதா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் பெயிண்ட் கடையைச் சாத்திவிட்டு வந்தால், தட்டில் சோறு எங்கே இருக்கிறதென்று குனிந்து தேட வேண்டியிருந்தது.

"என்னடி இது?"

"சோறு."

"மிச்சம்?"

"மிச்சம் கீரை. அள்ளிப் போட்டுக்கங்க."

"நான் என்ன எலியா?"

"எலின்னா சொன்னபடி கேட்டிருக்கும்."

"மனுசனுக்கு இது இன்னும் நிச்சயமாகலன்னு ஃபாயிஸாவே சொல்லுச்சுடி!"

"நிச்சயமாகுற வரைக்கும் நீங்க இருக்கணும்ல?"

கீரையைப் பிசைந்தேன். என் அண்ணன் இனாமுல் ஹசனுக்கு முந்தின வருசம் குடலில் புற்றுநோய். ஆபரேசன், மருந்து எல்லாம் முடிந்து, அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் அதிலிருந்து ரெண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்குவதில்லை. அடுத்து எனக்கு வந்துவிடுமோ என்று சுபைதாவுக்குப் பயம். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. என் வயிற்றுக்குத்தான் புரியவில்லை.

அப்போதுதான் எங்கள் சொந்தக்காரர் முஜிபுர் ரகுமான் வீட்டுக் கல்யாணம் வந்தது. எங்களில் கல்யாண விருந்து என்றால் சஹன். பெரிய தாம்பாளம் ஒன்றில் சோறும் கறியும் வரும். ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து அதிலேயே சாப்பிட வேண்டும். பெண்களுக்குத் தனி ஹால். யார் கை எவ்வளவு அள்ளியது என்று ஒரு மனைவிக்கும் தெரியாது. ஆள் தேர்வில்தான் சூட்சுமம் இருக்கிறது.

"நான் அண்ணனோட உக்காரப்போறேன்."

சுபைதாவுக்கு முகம் மாறிவிட்டது. "மச்சானோடயா? வேணாங்க. அவுக கொறிச்சுட்டு எந்திரிச்சிருவாக. மிச்சம் பூராம் நீங்கதான் திம்பீக."

"கூடப்பொறந்தவரோட உக்காராம ரோட்டுல போறவனோடயா உக்காருவேன்?"

"என்னமோ செய்யுங்க" என்று பெருமூச்சு விட்டாள். ஜெயித்துவிட்டேன்! கல்யாணமான நாளிலிருந்து முதல் வெற்றி.

நெற்குப்பையிலிருந்து அண்ணன் வந்து எதிரே உட்கார்ந்தார். பார்த்து ஒரு மாசமாகியிருந்தது. சஹன் வந்தது. பிரியாணி மலை. உச்சியில் ஆட்டுக்கறி. அண்ணன் பிஸ்மில்லாஹ் சொன்னார். மரியாதைக்காக அவர் ரெண்டு வாய் வைக்கும்வரை பொறுத்தேன். மூன்றாவது வாய் வைத்தார். நாலாவது. பிறகு என் பக்கத்து மலையையே குடைய ஆரம்பித்தார்.

"அண்ணே, பாத்து. ஒடம்பு..."

"நல்லாச் சாப்பிட்டுத் தேறணும்னு டாக்டரே சொல்லிட்டாருடா. இப்பத்தான் பசி வந்திருக்கு. அடங்க மாட்டேங்குது!"

இன்னொன்றை நான் யோசிக்கவே இல்லை. சஹனில் உட்கார்ந்தால் நல்ல துண்டைப் பெரியவர் பக்கம் தள்ள வேண்டியது இளையவன் கடமை. பழகிய கை. என்னைக் கேட்காமலே நல்லி எலும்பைத் தள்ளியது. ஈரலைத் தள்ளியது. அண்ணன் ரசித்து ரசித்துச் சாப்பிட்டார். ஒட்டிப்போயிருந்த கன்னம் ரெண்டும் உப்பி உப்பி அசைந்தன. இந்த மனுசன் இப்படிச் சாப்பிட்டுப் பார்ப்போமா என்று எத்தனை தொழுகையில் அழுதிருக்கிறேன்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"காரமாடா?"

"ஆமாண்ணே."

பசியோடு வீட்டுக்கு வந்தேன். சந்தோசத்தை மட்டும் அடக்க முடியவில்லை.

"சுபைதா, அண்ணன் சாப்பிட்டாருடி! சஹனையே காலி பண்ணிட்டாரு!"

"தெரியும். மச்சானுக்குப் பசி திரும்பிருச்சுன்னு ஜொஹரா அக்கா போன வாரமே சொல்லிட்டாக."

ஜொஹரா என் அண்ணி.

"அப்புறம் ஏன்டி அவரோட உக்கார வேணாம்னு அந்த மறி மறிச்ச?"

"உக்காருங்கன்னு சொல்லியிருந்தா உக்காந்திருப்பீகளா?"