நெடுந்தீவில் ஒரு பழுதில்லாத மிஷின்

வாகீசன் ஒரு வாய் குடித்தான். குடித்த வேகத்திலேயே சுவரோரம் துப்பினான்.

"உப்போ?" என்று கேட்டார் காவலாளி செபமாலை.

"கடல் பரவாயில்லை, அண்ணை."

நெடுந்தீவுச் சனத்துக்குக் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கிக் கொடுப்பதற்குக் கட்டிய நிலையம் அது. சுவருக்கு நீலப் பெயின்ற் அடித்துப் பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. உள்ளே இருக்கிற மிஷினை ஓடவிட்டு, குறைகளைத் தீர்த்து, நல்ல தண்ணீர் வருகிறது என்று காட்டி அரசாங்கத்திடம் கையளிக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். அதற்குத்தான் கொம்பனி வாகீசனை அனுப்பியிருந்தது. வந்து ஒரு மாதமாகிறது. மிஷின் நல்ல தண்ணீர் தருவதைத் தவிர மற்ற எல்லாச் சேட்டையும் விட்டுப் பார்த்துவிட்டது.

இன்றைக்குக் காலைப் போட்டில் அதைப் பார்த்து ஒப்பமிட அரசாங்கக் கந்தோரிலிருந்து பெரிய இஞ்சினியர் வருகிறார். வாகீசனோ செபமாலையோ அவரை முன்னர் கண்டதில்லை. அவர் சரியென்றால் வாகீசன் பின்னேரப் போட்டில் ஏறிவிடலாம். புதன்கிழமை அவனுக்குப் புங்குடுதீவில் கலியாணம். அவர் சரியில்லை என்றால் அந்தக் கலியாணம் மூன்றாம் முறையும் தள்ளிப்போகும்.

போன் அடித்தது. நிலக்சனா. கலியாணப் பெண்.

"பிளாண்ட் சரிவந்திட்டுதோ?"

"இன்னும் கொஞ்சம் பழுது…"

"பழுது எண்ட சொல்லை இனி எனக்குச் சொல்லாதேங்கோ. நான் நம்புறன். அப்பாதான் நம்புறார் இல்லை. போன கிழமை ஒஸ்லோவிலை இருந்து வந்த சித்தப்பா வேறை, ஒரு மாதமாய் ஒரு மிஷின் பழுதாக் கிடக்குமோ, பெடியன் ஏதோ பொய் சொல்லிச் சுத்துறான் எண்டு எரியிற நெருப்பிலை எண்ணெய் ஊத்துறார்."

"என்ரை அம்மாவாணை பழுது, நிலக்சனா."

கலியாணத்துக்கு முன்னர் தன் மிஷின் பழுது என்று தாய்மேல் சத்தியம் செய்த மாப்பிள்ளை அவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஆனால் அது உண்மை. வாகீசனுக்குப் பொய் சொல்லத் தெரியாமலில்லை. அவளிடம் சொல்ல மட்டும் மனம் வராது. அவ்வளவு விருப்பம் அவளில்.

போனை வைத்துவிட்டு மிஷினின் அமுக்கத்தைக் கொஞ்சம் கூட்டினான். அமுக்கம் கூடினால் உப்புக் குறையும் என்பது கணக்கு. குழாய்ப் பொருத்து ஒன்று படாரென்று கழன்றது. தண்ணீர் நிலமெல்லாம் ஓடி, வாசல் தாண்டி வீதிக்குப் போனது. கல்வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த குதிரை ஒன்று ஆசையோடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

பொருத்தை இறுக்கிவிட்டுப் பக்கத்து வால்வைப் பூட்டினான். உடனே அபாயச் சைரன் அலறத் தொடங்கியது. அந்தோனியார் கோயிலடியில் நின்ற சனம் முழுவதும் எட்டிப் பார்த்தது. சைரன் வயரைக் கழற்றினான். சைரன் அடங்கியது. கூடவே மோட்டரும் அடங்கியது. இரண்டையும் ஒரே வயரில் தொடுத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. வயரை மாற்றிக் கொடுத்ததும் மோட்டர் முன்னரைவிடப் பெரிதாக உறுமியது. ஆனால் உப்புத் தண்ணீர்கூட வரவில்லை.

வாகீசன் நிலத்தில் குந்திவிட்டான். அழுகை வரும்போல இருந்தது.

"தம்பி, உமக்குச் சத்தமும் தண்ணியும் தானே வேணும்?" என்றார் செபமாலை. "சத்தம் கிடக்கு. தண்ணிக்கு நான் பொறுப்பு."

அரை மணித்தியாலத்தில் செபமாலையின் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போய் வந்தது. கூரையில் தண்ணீர் நிறைத்த பரல் பீப்பாய் ஒன்று ஏறியது. பரலிலிருந்து ஒரு ரியூப் சுவருக்குப் பின்னால் இறங்கி மிஷினின் குழாயில் சேர்ந்தது. பரலுக்குப் பக்கத்தில், ரியூப்பை மடித்துப் பிடித்தபடி, குடையோடு குந்தியிருந்தவர் செபமாலையின் மனைவி மேரிஜோசப்பின். வாகீசனுக்குச் சமைத்துப் போடுகிறவரும் அவர்தான்.

"நான் 'தண்ணியைப் பாருங்கோ' எண்டால் விடுங்கோ, அக்கா."

"கெதியாச் சொல்லும். குசினியிலை உலை கொதிக்குது."

செபமாலை இறங்குதுறைக்கு விரைந்தார். யாரை ஏற்றி வருவது என்று அவருக்குக் குழப்பமே இல்லை. போட்டில் வருகிற ஊர்ச்சனம் முழுவதையும் அவருக்குத் தெரியும். அதில் தெரியாத முகமாக, மினுக்கின சப்பாத்தோடு ஒருவர் இறங்கினால் அவர் கந்தோர் ஆள். நெடுந்தீவில் இந்தக் கணக்கு ஒருநாளும் பிழையானதில்லை. பெயர் விசாரிப்பது மரியாதைக் குறைவு.

அப்படியே ஒருவரை மோட்டச்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். கண்ணாடி, தோளில் பை, மினுக்கின சப்பாத்து. வந்தவர் மிஷினைப் பார்ப்பதற்கு முன் வாகீசனைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"நீர்தானோ வாகீசன்?"

"ஓம் சேர். வாங்கோ சேர்."

"சும்மா ஒருக்கால் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

திடீரென்று வருகிற பெரிய அதிகாரிகள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்.

"இதுதானோ அந்த மிஷின்? ஓடுதோ?"

"சும்மா பறக்குது, சேர். தண்ணியைப் பாருங்கோ."

குழாயில் தண்ணீர் கொட்டியது. வந்தவர் கையில் ஏந்திக் குடித்தார். இன்னொரு கை குடித்தார்.

"நல்ல இனிப்பாக் கிடக்கு. எவ்வளவு காலமாய் இப்பிடி?"

"நான் வந்த நாளிலை இருந்து, சேர். ஒரு மாதம்."

"பழுது ஒண்டும் வரேல்லையோ?"

"பழுதோ?" வாகீசன் சிரித்தான். "மருந்துக்கும் இல்லை."

வந்தவரின் முகம் இறுகியது. நம்புகிறார் இல்லை என்று வாகீசன் பயந்தான்.

"நிப்பாட்டும் பாப்பம்," என்றார் அவர்.

நிற்பாட்டினான். மோட்டர் அடங்கியது. தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"மிஷின் நிண்டிட்டுது. தண்ணி வருது?"

"தரமான மிஷின், சேர். நிப்பாட்டினாலும் கொஞ்ச நேரம் வேலை செய்யும்."

கூரையில் யாரோ தும்மினார்கள்.

"மேலை ஆரும் நிக்கினமோ?"

"காத்து வெளியேறுது, சேர். அப்பிடி வெளியேறினால்தான் மிஷின் நல்ல சுகமாய் இருக்கெண்டு அர்த்தம்."

வந்தவர் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார்.

"அப்ப உமக்கு இங்கை என்ன வேலை?"

இதுதான் கடைசிக் கேள்வி என்று வாகீசனுக்குப் பட்டது. இதில் விட்டால் போயிற்று.

"உண்மையைச் சொல்லப்போனால் ஒரு வேலையும் இல்லை, சேர். சாப்பிடுறது, படுக்கிறது, பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடக்கிறது. மிஷின் அவ்வளவு திறம்."

"சாப்பாடு?"

"ஒரு அக்கா சமைச்சுத் தாறா. நல்ல கைப்பக்குவம். விட்டிட்டுப் போகவே மனமில்லை."

வந்தவர் நீண்டதொரு மூச்சு விட்டார். வாகீசன் கையளிப்புப் பத்திரத்தை நீட்டினான். "சேர், இதிலை ஒரு ஒப்பம்…"

"அதெல்லாம் எனக்குத் தேவையில்லை, தம்பி. நான் கண்டதை, நீர் சொன்னதை, அப்பிடியே போய்ச் சொல்லுறன். முடிவை அவை எடுப்பினம்."

"நல்லாச் சொல்லுங்கோ, சேர்."

"ஒண்டும் விடமாட்டன்," என்று சொல்லிவிட்டு அவர் மோட்டச்சைக்கிளில் ஏறினார்.

கூரையிலிருந்து இறங்கி, உலையைத் திட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார் மேரிஜோசப்பின். வாகீசன் பெட்டியை இழுத்து, உடுப்புகளை அள்ளிப் போட்டான். கலியாண வேட்டியை மட்டும் மடிப்புக் கலையாமல் மேலே வைத்தான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவனுக்குப் பாட்டு வந்தது. முதன்முறையாக மிஷினில்கூட ஒரு அன்பு வந்து, அதைத் தட்டிக்கொடுத்தான். நிலக்சனாவுக்கு எடுத்துச் சொல்லலாம் என்று போனைத் தூக்கியவன், நேரில் போய் நின்று சொன்னால் அவள் முகத்தைப் பார்க்கலாமே என்று வைத்துவிட்டான்.

செபமாலை இறங்குதுறையிலிருந்து திரும்பி வந்தார். முகமெல்லாம் வெற்றி.

"போட்டிலை ஏத்திவிட்டிட்டு வாறன், தம்பி. எங்கடை ஆக்கள் மாதிரி நல்ல மனிசன். பிளாண்ட் ஒரு மாதமாய்ப் பழுதே இல்லாமல் ஓடுதெண்டு, போன கையோடை தன்ரை தமையன்ரை மகள் நிலக்சனாவிட்டைச் சொல்லுறாராம்."