நடுவில் நிற்கும் கோடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. கப்பலில் உனக்குச் சாப்பாடும் அலையும் ஒத்துக்கொள்கின்றன என்று நம்புகிறேன். இங்கே வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்குமேல் எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் "சரிக்கா, சரிக்கா, நீ பாத்துக்கோ" என்று முடித்துவிடுவாய். காகிதத்தை அப்படி நடுவில் நிறுத்த முடியாது.

உன் மனைவி பயிற்சி வகுப்புக்காக வெளியூர் கிளம்பியபோது உங்கள் செல்லமகள் மிளகை என்னிடம் விட்டுப் போனீர்கள். போகிறபோக்கில் தலைமையாசிரியை சொன்னதையும் சொன்னீர்கள். நிற்கிற கோடு, படுத்த கோடு, வட்டம், கூட்டல் குறி, இவற்றைப் பார்த்து வரைந்துவிட்டால் பள்ளி திறக்கும்போது உங்கள் மகள் தோழியோடு அடுத்த வகுப்புக்குப் போகலாம். இல்லையென்றால் இன்னும் ஓராண்டு அதே வகுப்பு. ஆறு வயதுக் குழந்தைக்குக் கோடு போடச் சொல்லித்தர முடியாமல் நான் எதற்குப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்குகிறேன் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன்.

நிற்கிற கோடு வந்துவிட்டது. வட்டமும் உருளைக்கிழங்கு அளவுக்கு வந்துவிட்டது. படுத்த கோடுதான் பிடிகொடுக்கவில்லை. இடது கையால் தாளின் இடப்பக்கத்திலிருந்து நன்றாகத்தான் கிளம்புகிறாள். நடுவுக்கு, அதாவது அவள் மூக்குக்கு நேராக வந்ததும் கை நின்றுவிடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் வேறு யாருடைய எல்லையோ என்பதுபோல, கிரேயானை வலது கைக்கு மாற்றுகிறாள். பிறந்ததிலிருந்து பலமில்லாத அந்தக் கை பாவம் என்ன செய்யும், கீழே போட்டுவிடுகிறது. காண்டிராக்டர் பாதியில் ஓடிப்போன சாலைபோலக் கோடு அங்கேயே நிற்கிறது. படுத்த கோடு இல்லாமல் கூட்டல் குறியும் கிடையாது.

நீங்கள் ஏற்பாடு செய்த தெரபிஸ்ட் பெண் எதையும் பதறாமல் சொல்கிறவள். அதனாலேயே எனக்குச் சந்தேகம். வந்த அன்றே நான் வாங்கி வைத்திருந்த கோடு போட்ட நோட்டையும் பென்சில் பெட்டியையும் அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டாள்.

"பென்சில் இப்போ வேண்டாம் மேடம்."

"எழுதக் கத்துக்குடுக்கத்தானே வந்திருக்கீங்க?"

"ஆமா மேடம். அதான் வேண்டாங்கறேன். கை இன்னும் தோள்லேருந்தே கிளம்பலையே. முதல்ல தோளுக்குப் பலம் வரணும், அப்புறம்தான் விரலுக்கு."

ஆதாரம் கேட்டேன். ஒரு கட்டுரை அனுப்பினாள். படித்தேன். அவர்கள் சோதித்த குழந்தைகளை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஆனாலும் வந்தவளை வாசலோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எழுதுவதைத் தவிர எல்லாம் நடக்கிறது. விரலுக்குப் பலம் வர வேண்டும் என்று துணி கிளிப் கொடுத்தாள், மிளகு அதை உன் அத்தானின் சட்டை முதுகில் வரிசையாக மாட்டிவிட்டாள், அவர் செய்தித்தாள் படித்த நிலையிலேயே எழுந்து பேங்குக்குப் போய்விட்டார், அவர் மேனேஜர் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை, சாயங்காலம் லிஃப்டில் அறிமுகமில்லாத ஒருவர்தான் "சார், காயப்போட்டவங்க எடுக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். முழுக் கிரேயான் கொடுத்தால் முஷ்டியில் பிடிப்பாள், துண்டாகக் கொடுத்தால் விரலில்தான் பிடித்தாக வேண்டும் என்று தெரபிஸ்ட் கிரேயான்களை உடைத்தாள். அது நியாயமாகப் பட்டதால் நானும் உடைத்தேன். எங்கள் இருவருக்கும் அதில் ஆர்வம் என்று புரிந்துகொண்ட மிளகு, உன் அத்தானின் பென்சில்களையும் என் உதட்டுச்சாயம் ஒன்றையும் உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இரு, உள்ளே ஏதோ விழுந்தது.

ஒன்றுமில்லை, சதுரங்க யானை. காய்களை இடுக்கியால் எடுத்துப் பாட்டிலுக்குள் போடுவதும் ஒரு பயிற்சி. வீட்டில் இப்போது ராணி இல்லாமல்தான் ஆட்டம் நடக்கிறது.

பிறகு, செங்குத்தான இடத்தில் வரைந்தால் மணிக்கட்டுக்கு நல்லது என்றாள். வீட்டுச் சுவரைக் கொடுக்க மனமில்லாமல், ஒரு வாளித் தண்ணீரும் பெயின்ட் பிரஷும் கொடுத்துக் காம்பவுண்டு சுவரில் வரையச் சொன்னேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார்.

"சுவத்துல கிறுக்குறாங்கன்னு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு மேடம்."

"வெறும் தண்ணி சார்."

"தண்ணியோ என்னவோ, சுவர் பொதுச்சொத்து."

சாட்சிக்குப் பொருளாளரைக் கூட்டிவரப் போனார். திரும்பி வருவதற்குள் வெயில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. இருவரும் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். மிளகு பிரஷை நீட்டி, "இன்னொரு வாட்டி போடட்டுமா தாத்தா?" என்று கேட்டாள். அவர் என்னைவிட ஒரு வயது இளையவர். புகாரை மறந்து அந்த வார்த்தையைப் பற்றியே என்னிடம் கொஞ்ச நேரம் பேசினார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கத்தில் தாளை ஒட்டி, மல்லாந்து படுத்து மேல்நோக்கி வரைய வேண்டும் என்றாள், தோளுக்காக. மிளகு தனியாகப் படுக்க மாட்டேன் என்றாள். நான் படுத்தேன். கதவு திறந்திருந்தது. என் ஆராய்ச்சி மாணவி மூன்றாம் அத்தியாயத்தோடு வந்து என் பாதங்களைப் பார்த்து நின்றாள்.

"அப்புறமா வரட்டுமா மேடம்?"

"வேண்டாம், சொல்லுங்க. நல்லா கேக்குது."

அவள் தரையில் உட்கார்ந்து அத்தியாயத்தை என் கால்களுக்குப் படித்துக் காட்டினாள். இப்போது துறையில் எனக்கு முதுகெலும்பு போய்விட்டது என்று பேச்சு. நேற்று துறைத்தலைவரே எலும்பு டாக்டர் ஒருவரின் முகவரியைக் கையில் திணித்தார்.

இத்தனைக்கும் பலன் என்ன? கோடு நேற்றும் மூக்குக்கு நேராக நின்றது. "அந்தப் பக்கத்துக்குத் தானா ஒரு நாள் போகும் மேடம், அவளுக்கே போகணும்னு தோணணும்" என்கிறாள் தெரபிஸ்ட். தோன்றுவதற்காக நாங்கள் செய்யாத கூத்தில்லை. நான் செய்கிற வேலைகளில் மிளகு மரியாதை வைத்திருப்பது ஒன்றில்தான். விடைத்தாள் திருத்தும்போது மாணவர்கள் எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கங்களில் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுப்பேன் அல்லவா, அப்போது மட்டும் முழங்கையருகே வந்து மூச்சுவிடாமல் நின்று பார்க்கிறாள்.

நேற்றிரவு சோறு ஊட்டும்போது கேட்டாள். "அத்தை, நான் பெரிய கிளாஸ் போகலைன்னா அவ பக்கத்துல யாரு உக்காருவா?" தோழியைப் பற்றித்தான். "யாராவது உக்காருவாங்க" என்று நான் உண்மையைச் சொன்னேன். வாயில் இருந்ததை விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

எனக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கத் தெரியாது தம்பி, உனக்கே தெரியும். ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளை தலைமையாசிரியைக்குப் போன் செய்து, சோதித்துப் பார்க்க வேண்டாம், அதே வகுப்பில் இருக்கட்டும் என்று சொல்லப்போகிறேன். எல்லோர் முன்னாலும் தாளின் நடுவில் அவள் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தெரபிஸ்டையும் நிறுத்தப்போகிறேன். நீ உடனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உன் மகளைப் பார்த்துக்கொள். எனக்கு வயதாகிறது, முதுகெலும்பும் இல்லை என்று ஊரே சொல்கிறது.

அத்தான் உன்னை விசாரித்தார், கிளிப் இல்லாத சட்டையில். கடலும் எஞ்சினும் உன் சொல் கேட்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டதும் அழைப்பு மணி அடித்தது. செயலாளர். தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள் என்று சொல்ல வந்தவர், தன் பிறந்த வருஷத்தையும் சொல்லிவிட்டுப் போக நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் என் நாற்காலியில் மிளகு மண்டிபோட்டிருக்கிறாள், இடது கையில் என் சிவப்புப் பேனா. "எல்லாத்தையும் அடிச்சிட்டேன் அத்தை" என்றாள்.

வெற்றுப் பக்கத்தைத்தான் அடிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் பார்த்தேன். மேலே நீயும் பார்த்திருப்பாய். இடது ஓரத்தில் தொடங்கி, நடுவைத் தாண்டி, வலது ஓரம் வரைக்கும். இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தில் மட்டும் என்றால் தற்செயல் என்று எழுதியிருப்பேன். எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. கீழ்மூலை கசங்கியிருப்பதற்குக் காரணம் அவளுடைய வலது முஷ்டி. தாள் நகராமல் அதுதான் அழுத்திப் பிடித்திருந்தது. இன்னொரு முறை போடச் சொல்லி நான் சோதிக்கவில்லை. பேனாவை வாங்கி மூடி வைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

குறுக்கே அடித்த பகுதியை மதிப்பிடக் கூடாது என்பது தேர்வு விதி. அதன்படி மேலே எழுதியது எதையும் நீ படிக்கவில்லை. தலைமையாசிரியைக்கு நான் போன் செய்யப்போவதில்லை, தெரபிஸ்ட் நாளைக்கு வழக்கம்போல வருகிறாள், நீ லீவு எழுதிக் கொடுக்க வேண்டாம். கூட்டல் குறி இன்னும் வரவில்லை. ஆனால் நிற்கிற கோடு ஏற்கெனவே கையிருப்பில் இருக்கிறது. கடைசிப் பக்கத்துக் கோடு மட்டும் தாளைத் தாண்டி மேசைவிரிப்பில் போய் முடிகிறது. அது உறைக்குள் நுழையவில்லை. கப்பல் கரைக்கு வரும்போது வந்து பார்த்துக்கொள். அதுவரை துவைக்க மாட்டேன்.